லின்னியாவின் பெட்டி

மதியத்துக்கு முன்பே சர்க்கரை ஆலையின் பீட்ரூட் குவிக்கும் களத்தை மூடிவிட்டார்கள். அக்டோபரில் அப்படி ஒரு வெயில். தோண்டிய சர்க்கரை பீட்ரூட் சூட்டோடு குவியலுக்குள் போனால் உள்ளே இருந்து அழுகத் தொடங்கும். மேலே பார்த்தால் தெரியாது. ஜனவரியில் குவியலின் நடுவே புகை வரும்போதுதான் தெரியும். அதனால் வெயில் ஏறினால் தோண்டக்கூடாது, நிலம் உறைந்தாலும் தோண்டக்கூடாது என்பது ஆலைக்காரர்களின் கட்டளை. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் நாட்களில் ஆற்றோரம் முழுவதும் மனிதர்கள் தூக்கத்தை மறந்து ஓடுவார்கள்.

வரிசையில் வந்துவிட்ட லாரிகள் மட்டும் கொட்டிவிட்டுப் போகலாம் என்றார்கள். டில்டாவின் லாரிக்கு முன்னால் இன்னும் ஏழெட்டு நின்றன. அவள் எஞ்சினை அணைத்தாள். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள்.

வீடியோவுக்கு முன்னால் பெட்டி வந்தது. வெள்ளைப் பெட்டி, கறுப்பு எழுத்து. இதைப் பார்த்துக்கொண்டே இருப்பது இளையவர்களின் மனநலத்தைக் கெடுக்கக்கூடும். உதவி தேவைப்பட்டால் கீழே உள்ள எண்ணை அழைக்கவும். தொடர விருப்பமா?

கோடையிலிருந்து மாநிலம் முழுக்க எல்லோர் கைப்பேசியிலும் இந்தப் பெட்டி வருகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வரும். படித்தேன் என்று விரலால் ஒப்புக்கொண்டால்தான் வழிவிடும். மற்றவர்களுக்கு அது சட்டம். டில்டாவுக்கு அது லின்னியா. தன் லாரியில், தன் கைப்பேசியில்கூடத் தங்கைதான் முதலில் வந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

டில்டா அழுத்தினாள். பெட்டி போயிற்று. அவள் பார்க்க வந்ததும் லின்னியாவைத்தான்.

மார்ச் மாதம் மாநிலத் தலைநகர் செயின்ட் பாலில், சட்டமன்றக் குழுவின் முன்னால் இந்தப் பெட்டிக்காக லின்னியா பேசிய காட்சி. நீளமான மேசை. நடுவில் லின்னியா, நீலச் சட்டை கழுத்தெலும்பில் தொங்குகிறது. இடப்பக்கம் அம்மா. வலப்பக்கம் டில்டாவின் சிநேகிதி யெசெனியா, லின்னியாவின் கையைப் பிடித்தபடி. இந்தக் காட்சியை யாரோ வெட்டிப் போட, அது எந்தச் சமூக ஊடகத்தின் பொல்லாப்பைப் பற்றிப் பேசியதோ அந்த ஊடகத்திலேயே ஊர் ஊராகச் சுற்றியது. எவ்வளவு தைரியமான பொண்ணு என்று முன்பின் தெரியாதவர்கள் இதயம் இதயமாகப் போட்டிருந்தார்கள்.

"அந்த வீடியோக்களப் பாத்துப் பாத்து சாப்பாட்ட விட்டிருந்தேன். ஒரு நாள் காலையில மெஷின் ஷெட்ல விழுந்துட்டேன்," என்கிறாள் லின்னியா. "யாரோ என்னத் தூக்கிட்டு வீட்டுக்கு ஓடினாங்க."

இந்த இடம் வந்ததும் டில்டா எப்போதும் நிறுத்திவிடுவாள். பின்னால் தள்ளி மறுபடியும் கேட்பாள்.

யாரோ.

"என்னடி, திரும்பவும் அதையேவா பாக்குற?"

யெசெனியா லாரியின் படியில் ஏறி ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். ஆரஞ்சு மேலங்கி, முட்டி வரைக்கும் கறுப்புச் சேறு. குவிப்பு இயந்திரத்தின் கீழே நின்று, ஒவ்வொரு லாரியிலிருந்தும் சோதனைக்காக ஒரு சாக்கு பீட்ரூட் பிடித்து வைப்பது அவள் வேலை.

"எதை?" என்றாள் டில்டா.

"உன் மூஞ்சியே சொல்லுது. திரிஞ்ச பாலைக் குடிச்சவ மாதிரி."

"வெயிலு."

"ஆமா, வெயிலு. மார்ச்சுலயிருந்து உனக்கு வெயிலுதான்."

பக்கத்து வரிசையிலிருந்து ஆர்வில் கிழவர் கத்தினார். "ஏ டில்! உங்கம்மாகிட்ட சொல்லு. நான் மீன் பிடிக்கிற வீடியோ பாக்கப் போனா, உன் மனசு கெட்டுரும்னு வந்து நிக்குது. எனக்கு எழுபத்தொரு வயசு. இனிமே கெட என்ன இருக்கு?"

"கெட்டது அந்த மீனோட மனசுதான் ஆர்வில்," என்று யெசெனியா திருப்பிக் கத்தினாள். "நீங்க புடிக்கவே மாட்டேங்கறீங்கன்னு ஏங்குது!"

வரிசையே சிரித்தது. டில்டாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே யெசெனியாவின் கையைப் பார்த்தாள். அந்தக் கைதான். கையுறையைக் கழற்றினால் லின்னியாவின் விரல்கள் பதிந்த தடம் இருக்கும் என்பதுபோல ஒரு நினைப்பு.

யெசெனியாவின் வீட்டார் டெக்சாஸிலிருந்து பீட்ரூட்டுக்குக் களையெடுக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர்கள் வீட்டில் சாப்பிடுகிறாயா என்று கேட்டால், பசித்தால் ஆமாம் என்பார்கள். முதல் தடவை டில்டா வீட்டுக்கு வந்தபோது, காபி வேணுமா என்று அம்மா கேட்க, வேணும் என்று யெசெனியா உடனே சொல்லிவிட்டாள். அம்மா திகைத்துப்போய்க் காபிப் பானையோடு நின்றாள். நார்வேயிலிருந்து வந்து குடியேறிய இந்த வீடுகளில் அப்படி வழக்கமில்லை. ஒரு தடவை கேட்டால் வேண்டாம். இரண்டாம் தடவை கேட்டால், உங்களுக்கு எதுக்குச் சிரமம். மூன்றாம் தடவைதான், சரி, பாதிக் கோப்பை மட்டும். முதல் தடவையே வாங்கிக்கொள்கிறவர்களைப் பற்றி யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் இருப்பார்கள், அவ்வளவுதான்.

லாரி வரிசை நகர்ந்தது. யெசெனியா படியிலிருந்து குதித்தாள்.

"உன் தங்கச்சிய கேட்டதா சொல்லு," என்றாள்.

என் தங்கச்சி என்று டில்டா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

*

மதியச் சாப்பாட்டுக்கு ஹாட்டிஷ். கொத்திய மாட்டுக்கறி, பச்சைப் பட்டாணி, மேலே வரிசையாக அடுக்கிச் சுட்ட உருளைக்கிழங்கு உருண்டைகள். அறுவடைக்காலத்தில் வாரத்துக்குப் பாதி நாள் இதுதான். அப்பா டுவேன் ஒரு கையில் முள்கரண்டியும் மறுகையில் வானிலைப் படமுமாக உட்கார்ந்திருந்தார்.

"ராத்திரி குளுந்துரும்," என்றார். "காலையில தொறந்துருவாங்க."

வானிலைப் படத்தை இன்னும் பெரிதாக்கினார்.

அம்மா லின்னியாவின் தட்டைப் பார்க்காமல் இருந்தாள். போன ஆண்டு லின்னியா படுத்திருந்த ஃபார்கோ ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்த வித்தை அது. பிள்ளை சாப்பிடுகிறதா என்று பார்க்கவேண்டும், பார்ப்பது பிள்ளைக்குத் தெரியக்கூடாது. அதனால் அம்மா உப்புக் குப்பியைப் பார்ப்பாள், ஜன்னலைப் பார்ப்பாள், அப்பாவின் தொப்பியைப் பார்ப்பாள். ஒவ்வொன்றுக்கும் போகிற வழியில் கண் லின்னியாவின் தட்டைத் தொட்டுவிட்டுப் போகும். டில்டா எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டு அந்தக் கண்ணின் எந்த வழியிலும் இல்லை.

செப்டம்பரிலிருந்து டில்டா தட்டில் மிச்சம் வைக்கிறாள். முதலில் களைப்பில் வைத்ததுதான். பிறகு, அம்மா பார்க்கிறாளா என்று பார்க்க வைத்தாள். கொஞ்சம் வைத்தாள். பிறகு பாதி. இப்போது காலையில் காபியோடு கிளம்பிவிடுகிறாள். மதியம் நாலு வாய். ஜீன்ஸுக்கு அப்பாவின் பழைய இடைவார் தேவைப்பட்டது. ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் கண் வழிதவறி இந்தப் பக்கம் வரட்டும். வந்தால் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடுவாள். அதுதான் தனக்குள் அவள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

"போன் வந்துச்சு," என்றாள் அம்மா உப்புக் குப்பியிடம். "ஆத்துக்கு அந்தப் பக்கத்து மாநிலத்துலயும் இதே மாதிரி சட்டம் கொண்டுவரணும்னு பேசுறாங்களாம். நம்மள வந்து பேசச் சொல்றாங்க. அடுத்த வாரம்."

"நான் வரல," என்றாள் லின்னியா.

"யோசிச்சு சொல்லு கண்ணு. அவசரமில்ல."

"யோசிச்சிட்டேன். நான் போனேன், பேசினேன், பெட்டி வந்துருச்சு. பள்ளிக்கூடத்துல என் பேரு என்ன தெரியுமா? பெட்டிப் பொண்ணு. நான் நடந்து வந்தா பசங்க கைய நீட்டி வழிய மறிக்கிறானுங்க. தொடர விருப்பமா, தொடர விருப்பமான்னு."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிக்கொண்டார். லின்னியாவே சிரித்துவிட்டாள்.

"எனக்கு இனிமே நோயாளி வேல பாக்க முடியாதும்மா. வேற யாராவது பாக்கட்டும்."

அம்மா தலையசைத்தாள். லின்னியா சொன்னால் இப்போதெல்லாம் உடனே தலையசைத்துவிடுகிறாள். "சரி. தனியா அவ்வளவு தூரம் ஓட்டணுமேன்னு பாக்குறேன். யெசெனியாவக் கேட்டுப் பாக்குறேன்."

டில்டாவின் முள்கரண்டி தட்டில் நின்றது.

"கேளு," என்றாள். "கேட்டு முடிக்கறதுக்குள்ள சரின்னுருவா."

"நல்ல பொண்ணு," என்றாள் அம்மா.

பூசணிக் கேக் மேசையின் நடுவே இருந்தது. தட்டில் கடைசித் துண்டு. அப்பா அதில் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டார். அம்மா மிச்சத்தில் பாதியை. லின்னியா அதிலும் பாதியை. விரல் நகம் அளவு ஒரு துண்டு மிஞ்சியது. இந்த மேசையில் கடைசித் துண்டை எடுக்கிறவர் யாருமில்லை. டில்டா அதைப் பார்த்துக்கொண்டே, தட்டில் இருந்த ஹாட்டிஷைக் காகிதக் கைத்துணிக்கு அடியில் ஒதுக்கினாள். எழுந்து தட்டைத் தொட்டியில் வைத்தாள்.

அம்மாவின் கண் ஜன்னலுக்குப் போய்க்கொண்டிருந்தது, லின்னியாவின் தட்டு வழியாக.

*

அந்தத் தொட்டியருகில்தான் அன்றைக்கும் நின்றுகொண்டிருந்தார்கள். பிப்ரவரி முடிகிற சமயம், வெளியே பனி முழங்கால் உயரம். அம்மா காபிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். டில்டா துடைத்துக்கொண்டிருந்தாள்.

"செயின்ட் பாலுக்கு நீயும் வரியா டில்?" என்றாள் அம்மா. "வேலயிருந்தா பரவால்ல."

"இல்லம்மா, பரவால்ல. வெதைக்கிற மெஷினை அப்பா தனியா பிரிச்சிட்டிருக்காரு."

"சரி அப்ப," என்றாள் அம்மா. குழாயை மூடினாள்.

டில்டா துடைத்த கோப்பையையே மறுபடியும் துடைத்தாள். இரண்டாம் தடவைக்காக நின்றாள். ஷெட்டின் சிமென்ட் தரையில் லின்னியா வெளுத்துக் கிடந்ததைப் பார்த்தவள் அவள். தூக்கும்போது, ஒரு வாளி அளவுகூடக் கனமில்லையே என்று பயந்தவள் அவள். அதை எப்படிச் சொல்வது என்று அவள் ஷெட்டில் ஆயில் மாற்றிக்கொண்டே பேசிப் பார்த்திருந்தாள். வெள்ளைச் சட்டை ஒன்றைத் தேய்த்துக் கதவுக்குப் பின்னால் மாட்டியும் வைத்திருந்தாள்.

இரவுச் சாப்பாட்டில் அம்மா கேட்கவில்லை. மறுநாள் லுத்தரன் கோயிலின் நிலவறைக் கூடத்தில் எல்லோரும் லின்னியாவுக்காக ஜெபம் செய்து காபி குடித்தார்கள். அங்கே அம்மா யெசெனியாவைக் கேட்டாள். யெசெனியா சரி என்றாள். கிளம்புகிற காலையில் டில்டா வேலைக்காலணியைக் கழற்றி நல்ல காலணியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அம்மா கார்க் கண்ணாடியை இறக்கினாள். டில்டா காரை நோக்கி ஓரடி எடுத்தாள்.

"அடுப்புல சூப் இருக்கு," என்றாள் அம்மா. "அப்பாவுக்கு சூடு பண்ணிக் குடு."

கார் போயிற்று. டில்டா காலணியை மாற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். வெள்ளைச் சட்டை இன்னும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

*

சாப்பாட்டுக்குப் பிறகு டில்டா லாரியின் சக்கரங்களில் ஒட்டிய சேற்றை மண்வெட்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். இந்த ஆற்றோரக் களிமண் காய்ந்தால் ஓடு மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தாள். கண் லேசாக இருட்டியது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நிமிராத. குனிஞ்சே இரு. கொஞ்ச நேரத்துல போயிரும்."

லின்னியா வந்து நின்றாள். கையில் ஈயத்தாள் மூடிய தட்டு.

"வெயிலு," என்றாள் டில்டா.

"ஆமா. எனக்கும் அப்ப வெயிலுதான். நடு டிசம்பர்ல." லின்னியா கவிழ்த்துப் போட்ட பழைய டயரின்மேல் உட்கார்ந்தாள். தட்டைப் பக்கத்தில் வைத்தாள். "கைத்துணிக்கு அடியில வக்கிறதெல்லாம் ரொம்பப் பழைய வித்தைடி. அதக் கண்டுபுடிச்சவ உன் முன்னால உக்காந்திருக்கா."

டில்டா சுரண்டினாள்.

"எத்தன நாளா?"

"பசியில்ல."

"அந்த வசனமும் என்னோடதுதான். புதுசா ஏதாவது சொல்லு."

மண்வெட்டி கீழே விழுந்தது. "உனக்கென்ன?" என்றாள் டில்டா. "உனக்கென்னடி? நீ தண்ணி குடிச்சா அம்மாவுக்குத் தொண்ட நனையுது. நீ வேணாம்னா தலையாட்டுறா. கோயில்ல உனக்கு ஜெபம். எவனோ ஊரு பேரு தெரியாதவன் உனக்கு இதயம் போடுறான். நான் கைப்பேசிய தொறந்தா அங்கயும் நீ. எனக்குன்னு ஒரு எடம் வேணாமா?"

கத்தியிருக்கிறாள். கொட்டகை மேலிருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. இப்படிக் கத்துவது அந்த வீட்டில் வழக்கமில்லை.

லின்னியா அழவில்லை. "எடுத்துக்க," என்றாள். "அம்மா கண்ணு ரெண்டையும் நீயே எடுத்துக்க. பாத்ரூம் போனா கதவுக்கு வெளிய துணி மடிக்கிற மாதிரி நிக்குது. ராத்திரி மூச்சு வருதான்னு வந்து பாக்குது. நீ லாரிய எடுத்துக்கிட்டு போற, நாள் பூரா உன்ன யாரும் பாக்கறதில்ல. நான் ஜன்னல்ல நின்னு உன் லாரி போற தூசியப் பாப்பேன். பொறாமையா இருக்கும். நெஜமா."

டில்டாவுக்கு அது புதிதாக இருந்தது. நம்பவும் முடியவில்லை. நம்பப் பிடிக்கவும் இல்லை.

"உன்னத் தூக்கினது நான்," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "நீ யாரோன்னு சொன்ன."

"உன் பேரு வாயில வந்திருந்தா அங்கயே அழுதிருப்பேன். அப்புறம் எதுவும் பேசியிருக்க முடியாது." லின்னியா ஈயத்தாளின் விளிம்பைச் சுருட்டினாள். "அதுவுமில்லாம, நீதான் வரமாட்டேன்னுட்டியே. உன் பேர அங்க சொல்றது உனக்குப் புடிக்காதுன்னு நெனச்சேன்."

"நான் எப்ப வரமாட்டேன்னேன்?"

"அம்மா கேட்டுச்சாமே. நீ வேலயிருக்குன்னியாமே."

"கேட்டா. ஒரு தடவ."

லின்னியா நிமிர்ந்து பார்த்தாள். அவளும் அந்த வீட்டில் பிறந்தவள்தான். காபிக்கும் கேக்குக்கும் அதே மேசையில் காத்திருந்தவள்.

"ஒரு தடவதானா?" என்றாள்.

டில்டா குனிந்தாள். மண்வெட்டியை எடுத்துச் சக்கரத்தில் சாய்த்து வைத்தாள்.

லின்னியா ஈயத்தாளைப் பிரித்தாள். ஹாட்டிஷ் சூடுபண்ணியிருந்தது. ஓரத்தில் அந்த நகம் அளவு பூசணிக் கேக். "நான் சாப்பிடு சாப்பிடுன்னு கெஞ்ச மாட்டேன்," என்றாள். "ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் இருந்தா. ஒண்ணும் பேச மாட்டா. தட்ட வச்சிட்டு எதிர்ல உக்காந்துக்குவா. எவ்வளவு நேரம்னாலும். ரொம்ப எரிச்சலா இருக்கும். நானும் உக்காந்திருக்கப் போறேன்."

"போடி."

"போறதா இல்ல."

வெயில் சரிந்தது. லின்னியா டயரின்மேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். டில்டா தட்டை எடுத்துக்கொண்டு லாரியின் படியில் உட்கார்ந்தாள். முதல் வாய் தொண்டையில் நின்றது. இரண்டாவது இறங்கியது. லின்னியா ஜன்னலையும் பார்க்கவில்லை, உப்புக் குப்பியையும் பார்க்கவில்லை. நேராக அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எரிச்சலாகத்தான் இருந்தது. இத்தனை நாள் கேட்டது இதைத்தானா என்றும் இருந்தது. ஆனால் கேட்டது இவளிடம் இல்லை.

*

இரவில் குளிர் இறங்கியது. காலையில் களம் திறந்தது. முந்தின நாள் நின்ற வேலையும் சேர்ந்துகொள்ள, லாரி வரிசை நெடுஞ்சாலை வரைக்கும் நின்றது. குவிப்பு இயந்திரத்தின் இரைச்சல், பெல்ட்டில் பீட்ரூட் உருளும் சத்தம், ஈர மண்ணும் இனிப்பும் கலந்த வாடை. கொட்டுகிற இடத்துக்கு முன்னால் மூன்றாவது லாரியாக டில்டா நின்றாள்.

லாரியின் பக்கக் கண்ணாடியில் அம்மா தெரிந்தாள். அப்பாவின் பழைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு வாளியோடு, லாரிகளின் ஓரமாக நடந்து வந்தாள். அறுவடைக்காலத்தில் வயலுக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். களத்துக்கு வந்ததில்லை.

படியில் ஏறி ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாளியை உள்ளே தள்ளினாள். பிறகு டில்டாவின் இடுப்பைப் பார்த்தாள். இடைவாரை. அதிலிருந்த புதிய ஓட்டையை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது அப்பாவோடது," என்றாள்.

"ம்."

"லின்னியா நேத்து ராத்திரி என்னக் கேட்டா, டில்லை எத்தன தடவ கூப்பிட்டேன்னு." அம்மாவின் கன்னம் குளிரில் சிவந்திருந்தது. "ஒரு தடவன்னேன். எதுவும் பேசாம எழுந்து போயிட்டா."

டில்டா முன்னால் நின்ற லாரியின் எண்பலகையைப் பார்த்தாள்.

"தபால்காரன்கிட்டயே மூணு தடவ காபி வேணுமான்னு கேக்குறவ நான். அன்னைக்கு நீ பரவால்லன்னதும்..." அம்மா நிறுத்தினாள். "அப்பாடான்னு இருந்துச்சு டில். இவளப் பத்திக் கவலப்பட வேணாம், இவ பாத்துக்குவான்னு. அப்படி நெனச்சேன். நீ அங்க நின்னுட்டு இருந்தது எனக்குத் தெரியல. தெரியலன்னு இல்ல. பாக்கல."

குவிப்பு இயந்திரம் ஒரு லாரியை விழுங்கி முடித்தது. முன்னால் ஒன்று நகர்ந்தது. டில்டா கொஞ்சம் முன்னே உருட்டினாள். அம்மா படியிலேயே நின்றாள்.

"அடுத்த வாரம் வரியா?" என்றாள்.

"அப்பாவுக்கு லாரி ஓட்ட ஆள் வேணுமேம்மா."

வார்த்தை தானாக வந்துவிட்டது. எத்தனை வருடப் பழக்கம். டில்டா நாக்கைக் கடித்தாள். அம்மா தலையசைத்தாள். அவள் கை ஜன்னல் விளிம்பிலிருந்து எழுந்தது. டில்டாவுக்கு மறுபடியும் பிப்ரவரி மாதம் வந்தது.

அம்மா மேலங்கியின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டாள். கை பழையபடி விளிம்புக்கு வந்தது.

"ஆர்வில் ஓட்டுவாரு. வர்ற வழியில கேட்டுட்டேன். பெட்டிய எடுத்துருவீங்கன்னா ஓட்டறேங்கறாரு." அம்மா சிரிக்க முயன்றாள். "வரியா?"

"அவ வரலன்னுதான என்னக் கேக்குற?"

இத்தனை மாதம் உள்ளே இருந்த சூடு அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்தது.

"ஆமா," என்றாள் அம்மா. "அவ வரேன்னிருந்தா உன்னக் கேட்டிருப்பேனான்னு தெரியல. உங்கிட்ட பொய் சொல்லி என்ன ஆகப் போகுது?"

டில்டாவுக்குக் கண் எரிந்தது. பொய் சொல்லியிருந்தால் அவள் இறங்கிப் போ என்று சொல்லியிருப்பாள்.

"நான் வந்து என்னத்தப் பேசறது? எனக்கு ஒண்ணும் ஆகலயே."

அம்மா மறுபடியும் இடைவாரைப் பார்த்தாள். பிறகு டில்டாவின் முகத்தை. உப்புக் குப்பி இல்லை, ஜன்னல் இல்லை. வழியில் வேறு எதுவும் இல்லை.

"அதத்தான்," என்றாள். "உனக்கு என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கல."

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். முன்னால் இடம் காலியாகிவிட்டது. டில்டா கியரைப் போட்டாள். லாரி ஊர்ந்தது. அம்மா இறங்கவில்லை. பக்கக் கண்ணாடியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு லாரியோடேயே வந்தாள்.

"லோர்னா, எறங்குங்க!" என்று கீழேயிருந்து யெசெனியா அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "படியில ஆள் நிக்கக் கூடாது! என் வேலைக்கு வேட்டு வச்சிராதீங்க!"

"கொஞ்சம் இரும்மா!" என்று அம்மா கத்தினாள். அம்மா கத்தி டில்டா கேட்டதில்லை.

இரைச்சல் இப்போது தலைக்கு மேலே இருந்தது. அம்மா ஜன்னலுக்குள் குனிந்து மூன்றாம் தடவை கேட்டாள். இயந்திரத்துக்கு மேலே, ஹாரனுக்கு மேலே, ஒவ்வொரு எழுத்தும் டில்டாவின் காதில் தெளிவாக விழுந்தது.

"காதுல விழலம்மா," என்றாள்.

அம்மா கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை லாரிகளும் திரும்பிப் பார்க்கும்படி, இன்னொரு தடவை கேட்டாள்.